ஒரு ஆளுக்கான பலகை

நான் வரைந்த முதல் பலகை பன்னிரண்டரை அடி நீளம், இருபத்தெட்டு அங்குல அகலம். அதில் ஒரு ஆள் நிற்கலாம். ஒரு ஆள் மட்டும்தான் நிற்கலாம் என்று நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

நின்றுகொண்டு நீளத் துடுப்பால் தள்ளிப் போகிற பலகை அது. பேடில் போர்டு என்று சொன்னால் இப்போது கடற்கரைப் பக்கம் பலருக்கும் தெரிகிறது. எங்கள் பட்டறையில் அதை வெறும் பலகை என்றுதான் சொல்வார்கள். பட்டறை கடலூர் முதுநகரைத் தாண்டி உப்பனாற்றின் கரையில் இருக்கிறது. மீன்பிடிக்கிறவர்களுக்கு ஃபைபர் படகு செய்து கொடுக்கும் இடம். அங்கே நான் வேலைக்குச் சேர்ந்தது கொட்டேஷன் தட்டவும் பில் போடவும். சிதம்பரத்தில் மெக்கானிக்கல் படித்துவிட்டு பில் போடுவதா என்று நினைத்தேன்தான். ஆனால் அந்தப் பட்டறையில் படகு எப்படிப் பிறக்கிறது என்பதைக் கண்ணாடிச் சன்னல் வழியாகவாவது பார்க்கலாம். மற்ற இடங்களில் அதுவும் கிடைக்கவில்லை.

பட்டறையில் நான் ஒருத்திதான் பெண். யாரும் என்னைத் தவறாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. மதியம் ஆண்கள் எல்லோரும் காய்ந்துகொண்டிருக்கும் படகின் நிழலில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கைவிட்டு சாப்பிடுவார்கள். நான் ஆபீஸ் அறையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். அறைக்கு ஏசி உண்டு. "மேடத்துக்கு சில்லுனு சோறு" என்று மேஸ்திரி கேலி செய்வார். நான் சிரிப்பேன். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளராது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் ஏற்றி இறக்குகிறார். அம்மா காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைக்கிறாள். கொட்டையின் எண்ணெய் பட்டுப்பட்டு அவள் விரல் நுனிகள் கறுத்து, ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷின் அவள் விரலை அடையாளம் கண்டுகொள்வதில்லை. அந்த விரல்கள் உடைத்ததில்தான் நான் படித்தேன் என்பதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. அதே சமயம், நான் படித்தவள் என்பதையும் மறைக்க மாட்டேன். எனக்கு அந்தப் பெருமை உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

ஒருநாள் சிதம்பரத்துக்குக் கிழக்கே சுரபுன்னைக் காட்டு ஓடைகளில் படகுச் சவாரி நடத்தும் ஒருவர் பட்டறைக்கு வந்தார். அவரிடம் காற்றடித்து விரிக்கும் பலகைகள் இருந்தன. சுரபுன்னை வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி கத்தி மாதிரி இருக்கும். காற்றடைத்த பலகை அதில் உரசினால் கிழிந்துவிடும். கிழியாத ஃபைபர் பலகை செய்து தர முடியுமா என்று கேட்டார். முதலாளி அதெல்லாம் நமக்குப் பழக்கமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். கதவு திறந்துதான் இருந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, நான் வரைகிறேன் சார் என்றேன்.

முதலாளி என்னையும் வந்தவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "வரைம்மா. ஒண்ணு செஞ்சு பாப்போம். அவரு எடுத்துக்கிட்டாருன்னா இனிமே டிராயிங் வேலைய நீ பாரு. எடுத்துக்கலன்னா இதப்பத்தி மறுபடி என்னாண்ட பேசக் கூடாது."

ஆக, அந்தப் பலகையில் நான் ஏற்றி வைத்தது அதுதான். பில் போடுகிறவளா, வரைகிறவளா.

பலகையின் வடிவத்தில் எல்லாமே ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவதுதான். நீளம் கூடினால் வேகம் வரும், திருப்புவது கஷ்டம். அகலம் கூடினால் ஆடாது, ஆனால் தண்ணீரை அதிகம் தள்ள வேண்டியிருப்பதால் மெதுவாகப் போகும். அகலத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கொஞ்சம் கூட்டினால் ஆட்டம் கொஞ்சமாகக் குறையாது, பலமடங்கு குறையும். அகலத்தை மூன்று தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்குகிற கணக்கு அது. மூக்கு கூராக இருந்து அடிப்பாகம் லேசாக உருண்டிருந்தால் பலகை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். தட்டையாக இருந்தால் தண்ணீர் மேல் சப்பென்று உட்கார்ந்துகொண்டு போகும். வாலடியில் மீனின் துடுப்பு மாதிரி ஒரு தகடு நிற்கும், ஃபின் என்பார்கள். அது இல்லாவிட்டால் வலப்பக்கம் துடுப்புப் போட்டால் இடப்பக்கம் திரும்பும், இடப்பக்கம் போட்டால் வலப்பக்கம் திரும்பும். ஆள் உழைத்தபடியே இருப்பான், பலகை இருந்த இடத்திலேயே சுற்றும்.

இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கல்லூரியில் படித்த கணக்கைக் கொண்டு, கிடைத்த படங்களைப் பார்த்து, நானே கம்ப்யூட்டரில் வரைந்து வரைந்து அழித்தேன். கடைசியில் நீளமாக, ஒடுக்கமாக, கூர்மூக்கோடு, ஆழமான ஒரு ஃபின்னோடு வரைந்து முடித்தேன். அழகாக இருந்தது. இப்போதும் சொல்வேன், அது அழகான வடிவம்.

செய்யும்போது ஒரு விஷயம் நடந்தது. ஃபைபரை இறுக்க படகுக்கு ஊற்றும் ரெசின் பசையையே பலகைக்கும் போடலாம் என்றார் மேஸ்திரி. பலகையின் உள்ளே இருப்பது தெர்மாகோல், அந்த ரெசின் பட்டால் கரைந்துவிடும், வேறு ரெசின் வேண்டும் என்றேன். இத்தனை வருஷம் கரையாதது இப்போது என்ன கரையும் என்று ஒரு துண்டை எடுத்து வைத்து அதன்மேல் ஊற்றினார். துண்டு தண்ணீர் பட்ட சர்க்கரைக் கட்டி மாதிரி தனக்குள்ளேயே இறங்கி, கொழகொழவென்று ஆனது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மேஸ்திரி அந்தக் கொழகொழப்பைக் குச்சியால் கிளறிவிட்டு, "செரி மேடம், நீங்க சொல்ற ரெசினையே வாங்குவோம்" என்றார். அதற்கப்புறம் மேடம் என்பதில் கேலி இல்லை. கேலி போனதும் பேச்சும் குறைந்துவிட்டது.

எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊர் காடாம்புலியூரில் தண்ணீர் பூமிக்கு அடியில் எங்கேயோ இருக்கிறது, மோட்டார் போட்டால்தான் கண்ணில் படும். பலகை காய்ந்து தயாரானதும் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, வேலை தொடங்குவதற்கு முன்னால் காலையில் உப்பனாற்றில் இறங்கினேன். மேஸ்திரி பலகையின் வாலில் கயிறு கட்டி, கன்றுக்குட்டியைப் பிடிப்பதுபோல் கரையில் பிடித்துக்கொண்டு நின்றார். விழுந்தேன். எழுந்தேன். மறுபடி விழுந்தேன். முட்டி போட்டுப் பழகி, பிறகு நின்று பழகி, ஒருநாள் கயிற்றை அவிழ்த்துவிடச் சொன்னேன்.

அன்று காற்று இல்லை. துடுப்பை ஒருமுறை போட்டதும் பலகை கிளம்பியது. நான் அடுத்த துடுப்புக்குக் கையைத் தூக்கும்வரை அது போய்க்கொண்டே இருந்தது, ஒரு பக்கமும் திரும்பாமல். மூக்கு தண்ணீரைப் பிளக்கும் சத்தம் துணி கிழிகிற மாதிரி மெல்லியதாகக் கேட்டது. கட்டி வைத்திருந்த விசைப்படகுகளைக் கடந்து போனேன். ஒரு படகின் மேல் வலை சீர்செய்துகொண்டிருந்தவர் தலைநிமிர்ந்து பார்த்தார். நான் வரைந்த கோடு ஒன்று என் காலுக்குக் கீழே, தண்ணீரின் மேல் போய்க்கொண்டிருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கரையில் மேஸ்திரி டீக்குப் போய்விட்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலகையை மினி லாரியில் கட்டிக்கொண்டு ஓடைக்குப் போனோம். சவாரி நடத்துபவர் பலகையைத் தடவிப் பார்த்து, ஒரு சுற்று தானே போய்வந்து, நன்றாக ஓடுகிறது என்றார். எனக்கு உள்ளுக்குள் டிராயிங் டேபிளே வந்துவிட்டது. அப்போது ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று. கணவனுக்குப் புதுப் பலகையைப் பார்த்ததும் ஆசை. மனைவி படகே போதும் என்றாள். அவர் விடவில்லை. கடைசியில் சவாரிக்காரர் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். குழந்தையைக் கரையில் என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, மனைவியைப் பலகையின் முன்னால் உட்கார வைத்து, கணவனைப் பின்னால் நிறுத்தித் தள்ளிவிட்டார்.

கூர்மூக்கு அவள் எடையில் அமிழ்ந்தது. தண்ணீர் அவள் மடிவரை ஏறியது. ஆழமான ஃபின் தண்ணீருக்கடியில் ஒரு வேரில் மாட்டி, பலகை நின்றது. நின்றதும் அவள் குழந்தை கரையில் பத்திரமாக இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். அவள் திரும்பியதற்கே பலகை ஒரு பக்கமாகப் படுத்தது. இருவரும் தண்ணீரில் விழுந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீர்தான், இருவருக்கும் மிதவைச் சட்டையும் இருந்தது. ஒரு செருப்பு போனதைத் தவிர நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த அம்மா சேற்றுப் புடவையோடு கரையேறியபோது என்னைத்தான் நேராகப் பார்த்தாள். பலகை என்னுடையது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"ஏங்க, ஒத்த ஆளு போறதுக்கு எதுக்குங்க இம்மாந்தூரம் வரணும்? அதுக்கு ஊட்லயே குந்தினு இருக்கலாமே."

அவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, நான் ஃபின்னைக் குட்டையாக்கலாம், மூக்கைக் கொஞ்சம் தூக்கலாம் என்று சவாரிக்காரரிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கோபப்படவில்லை. தனியாகத் துடுப்புப் போட்டு உடம்பைத் தேற்றுகிறவர்கள் புதுச்சேரிக்குப் போவார்கள், இங்கே வருகிறவர்கள் சிதம்பரத்தில் சாமி கும்பிட்டுவிட்டு வருகிற குடும்பங்கள், எத்தனை பலகை கொடுத்தாலும் இரண்டு பேராகத்தான் ஏறுவார்கள், வேண்டாம் என்றால் வாடகையும் வேண்டாம் என்று போய்விடுவார்கள் என்றார். பிறகு பலகையை லாரிக்குத் தூக்க ஒரு கை கொடுத்தபடியே கேட்டார்.

"உங்க அம்மாவ இதுல ஒக்கார வெச்சு நீங்க இட்டுனு போவீங்களா? போவீங்கன்னா சொல்லுங்க. அன்னிக்கி நான் எடுத்துக்கறேன்."

நான் லாரியில் கடலூர்வரை போகவில்லை. சிதம்பரத்தில் இறங்கி பஸ் பிடித்தேன். கடலூர் வரும்வரை சன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். கணக்கில் எனக்குப் பிழை இல்லை. ஒரு ஆளின் எடைக்கு அந்தப் பலகை எவ்வளவு அமிழும் என்று நான் போட்டது மில்லிமீட்டர் சுத்தமாகச் சரி. ஆனால் அந்த ஒரு ஆள் யார்? வரைகிற நேரமெல்லாம் என் மனசில் பலகையின் நடுவில் ஒரு உருவம் நின்றுகொண்டிருந்தது. முன்னால் யாரும் இல்லை, பின்னால் யாரும் இல்லை. பார்க்கக் கரையில் யாரும் இல்லை. அது நான்தான் என்பது பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது.

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். இன்னொரு வாய்ப்பு தாருங்கள் என்று நான் கேட்டேன். பேசக் கூடாது என்று சொன்னவர், மீசையைத் தடவிக்கொண்டே, மிச்சம் கிடக்கும் தெர்மாகோலில் செய்துகொள், இதுதான் கடைசி என்றார்.

இரண்டாவது பலகை பதினொன்றரை அடி, முப்பத்தைந்து அங்குலம். மூக்கைக் கூராக்காமல் அகலமாக விட்டேன், முன்னால் உட்காருகிற எடையை அது தாங்க வேண்டும். அடியைத் தட்டையாக்கினேன். ஆழமான ஒரு ஃபின்னுக்குப் பதிலாகக் குட்டையாக இரண்டு வைத்தேன், சேற்றிலும் வேரிலும் மாட்டாமல் இருக்க. முதல் பலகையின் பக்கத்தில் இதை நிறுத்தினால் கன்றுக்குப் பக்கத்தில் எருமை நிற்கிற மாதிரி இருந்தது. வேகம் பாதியாகக் குறைந்திருக்கும். எனக்கு அந்த வடிவத்தின் மேல் ஆசையே வரவில்லை. ஆனால் கணக்கு சரியாக வந்தது.

சோதிப்பதில்தான் சிக்கல் வந்தது. எங்கள் பட்டறையில் புதுப் படகு தண்ணீரில் இறங்கினால், எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டியதும், வேலையாட்கள் அத்தனை பேரும் ஏறி ஒரே பக்கத்து ஓரத்தில் உட்காருவார்கள். கவிழாவிட்டால் படகு பாஸ். சத்தமும் சிரிப்புமாக இருக்கும் அது. என் பலகைக்கும் முன்னால் ஒரு ஆள் உட்கார வேண்டும், பின்னால் நான் நின்று ஓட்ட வேண்டும். நான் கேட்டதும் எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள். மேஸ்திரிதான் சொன்னார். "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். கல்யாணம் ஆவாத பொண்ணு நீங்க. ஒரே பலகையில ஒங்க காலாண்ட ஒரு ஆம்பள ஒக்காந்தா, கரையில பாக்கறவன் பலகையையா பாப்பான்?"

அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் எனக்காகத்தான் சொன்னார் என்பதும் தெரிந்தது. வேலையாட்களில் இருவர் ஏறி ஓட்டிக் காட்டினார்கள். பலகை கவிழவில்லை. ஆனால் அவர்கள் இருவரும் தேவனாம்பட்டினத்துக்காரர்கள், நடக்கப் பழகும்போதே படகில் நடந்தவர்கள். அவர்கள் கவிழாதது எதற்கும் சாட்சி இல்லை.

முன்னால் மணல் மூட்டையை வைத்துக் கட்டி நானே ஓட்டிப் பார்த்தேன். மட்டமாகப் போனது. ஒரு பொம்பளை எடைக்கு மணல் அளந்து போட்டு, என் எதிரே அதை வைத்துக்கொண்டு உப்பனாற்றில் போய்வந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்று சிரிப்பு வரவில்லை. மணல் பயப்படாது. மணலுக்குக் கரையில் குழந்தை இல்லை, அது திரும்பிப் பார்க்காது. கல்லூரித் தோழி ஒருத்தி சிதம்பரத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். போன் செய்தேன். வருகிறேன் என்றாள். பிறகு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. இரண்டு வருஷமாகத் தெருவில் எதிர்ப்படுகிறவர்களைத் தவிர எனக்குக் கடலூரில் தெரிந்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தேன். நான் வாடகைக்கு இருக்கும் அறையின் வீட்டுக்காரம்மாவுக்கு முட்டிவலி.

அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பலகைல ஒக்காரணுமா? பலகைல ஒக்காந்துதான்டி தெனமும் கொட்ட ஒடைக்கறேன்" என்றாள்.

"இது தண்ணில மிதக்கும்மா."

"மெதக்குதோ முழுவுதோ, வேலையாண்ட சொல்லிட்டு சனிக்கெழம வரேன். ஒங்கப்பாவாண்ட சொல்லாத. அந்தாளு பயந்துக்குவாரு."

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பையில் பலாச்சுளையும் இன்னொரு பையில் புடவையுமாக வந்து இறங்கினாள். என் அறைக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. கட்டிலையும் சன்னலையும் பார்த்தாள். சுவரில் ஒட்டியிருந்த பலகைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். படத்தின் மடங்கிய ஓரத்தை விரலால் நீவிவிட்டாள், அவளுக்குப் பெருமையாக இருக்கிறது என்று தெரிந்தது. பிறகு சமையல் மேடைக்குப் போய்ச் சோறு போடத் தட்டு தேடினாள். மேடையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கிண்ணம்.

"இன்னொரு தட்டு எங்கடி?"

இல்லை என்றேன்.

"யாருமே வர மாட்டாங்களா இங்க?"

எல்லோருக்கும் வேலை இருக்கும்மா என்றேன். நான் சாப்பிட்டு முடித்ததும் அதே தட்டைக் கழுவி அவள் சாப்பிட்டாள். சாப்பிடும்போது, நீ படித்தால் உன்னைச் சுற்றிப் பத்துப் பேர் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன் என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, வெயிலைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

மறுநாள் ஓடைக்கரையில் சவாரிக்காரர் கைகட்டி நின்றார். அம்மாவுக்குப் புடவை மேல் மிதவைச் சட்டையை மாட்டி, பட்டையை இறுக்கினேன். அவள் செருப்பைக் கழற்றிச் சேர்த்து வைத்துவிட்டு, பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினாள். முன்னால், எனக்கு முதுகைக் காட்டி, பலகையின் நடுவில் நான் வைத்திருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து உட்கார்ந்தாள். கறுத்த விரல்கள் கைப்பிடியில் வெளுக்கும் அளவுக்கு இறுகியிருந்தன. நான் ஏறிப் பின்னால் அரை அடி நகர்ந்து நின்றதும் பலகை மட்டமானது. துடுப்புப் போட்டேன்.

மெதுவாகத்தான் போனது. ஆனால் நேராகப் போனது. வேர்கள் வளைந்து இறங்கும் ஓடைக்குள் நுழைந்ததும் வெயில் போய்விட்டது. அம்மா தலையை அசைக்கவே இல்லை. பயமா என்று கேட்டேன். என்ன சொன்னாய் என்றாள். மறுபடி கேட்டேன். அவள் ஏதோ சொன்னாள், முன்னால் பார்த்துச் சொன்னதால் எனக்குக் கேட்கவில்லை. இப்படி இரண்டு மூன்று தடவை ஆனது. அப்புறம் அவள் சட்டென்று கைப்பிடியை விட்டாள். ஒரு காலை மடக்கி, இன்னொரு காலைப் பலகையின் குறுக்கே போட்டு, பிட்டத்தை எழுப்பி எழுப்பித் திரும்ப ஆரம்பித்தாள்.

திரும்பாதே என்று கத்தினேன். பலகை வலப்பக்கம் சாய்ந்தது. ஓரத்தில் தண்ணீர் ஏறி என் பாதத்தைத் தொட்டது. அன்று சேற்றுப் புடவையோடு கரையேறிய பெண்ணின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. முட்டியை மடக்கித் தாழ்ந்தேன். பலகை அங்கேயே ஒரு கணம் நின்றது. பிறகு எருமை எழுந்திருப்பதுபோல் அவசரமில்லாமல் நிமிர்ந்து, மட்டத்துக்கு வந்தது. தண்ணீர் ஓரம் வழியாக வடிந்தது. அம்மா முழுதாகத் திரும்பி, எனக்கு நேர் எதிரே, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இப்பதான் செரி" என்றாள். "மூஞ்சியப் பாக்காம எப்பிடிடி பேசறது? எங்க போவுதுன்னு நீ பாத்துக்க."

நான் துடுப்பைப் பிடித்தபடி நின்றேன். அம்மா என்னைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். கையை நீட்டி, ஈரமாகியிருந்த என் பாதத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"நின்னுனே இருக்கியே, கால் வலிக்கலயா?"

"பழகிடுச்சும்மா."

"ம். அதான் தெரியுது."

கரைக்குத் திரும்பும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். முந்திரிக் கொட்டகையில் யார் யாரோடு சண்டை, யார் பெண்ணுக்கு வரன் வந்தது, பலா இந்த வருஷம் காய்ப்பு ஜாஸ்தி. என்ன பேசினாள் என்பதைவிட, அவள் குரல் என் பலகையின் மேலிருந்து வந்துகொண்டிருந்தது என்பதுதான் எனக்கு நினைவிருக்கிறது. கரையில் சவாரிக்காரர் பலகையின் மூக்கைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அம்மா உட்கார்ந்திருந்த திசையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எடுத்துக்கொள்கிறேன், இதே மாதிரி இன்னும் வேண்டும் என்றார். இதே மாதிரி இல்லை, ஒரு மாற்றம் இருக்கிறது என்றேன். அடுத்த பலகையில், முன்னால் உட்காருகிறவர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாலும் பிடித்துக்கொள்ள, கைப்பிடியை நடுவில் ஒன்றாக வைக்காமல் இரண்டு ஓரத்திலும் வைத்தேன். இப்போது எங்கள் பட்டறையிலிருந்து போகும் எல்லாப் பலகையிலும் அப்படித்தான்.

திரும்பும் வழியில் சிதம்பரத்தில் இறங்கி அம்மா ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கினாள். நான் வேண்டாம் என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் பண்ருட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அன்றே முதலாளி என் மேசையில் இருந்த பில் புத்தகங்களை வேறு மேசைக்கு மாற்றச் சொன்னார். சன்னலோரமாக, வெளிச்சம் விழும் இடத்தில், அகலமான ஒரு மேசை எனக்கு வந்தது. மேஸ்திரி டீ வாங்கிவந்து வைத்தார். வைத்துவிட்டு நிழலுக்குப் போய்விட்டார்.

அந்தத் தட்டு இன்னும் மேடையில் கவிழ்த்து வைத்தபடி இருக்கிறது. தூசி படியாமல் வாரம் ஒருமுறை கழுவி வைக்கிறேன்.

முதல் பலகையை முதலாளி எனக்கே கொடுத்துவிட்டார். வாங்குவதற்கு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு உப்பனாற்றில் போகிறேன். நீச்சல் ஓரளவு கற்றுக்கொண்டேன். துடுப்பு ஒன்று போட்டால் அது இன்னமும் அப்படியே போகிறது, ஒரு பக்கமும் திரும்பாமல், துணி கிழிகிற அந்தச் சத்தத்தோடு. அது கெட்ட பலகை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கரைக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்வேன். ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு வேலை செய்தபடியே பேசுவாள். போன வாரம், எந்தப் பலகையில் போனாய் என்று கேட்டாள். ஒடுக்கமானதில்தான் என்றேன்.

"அகலமா ஒண்ணு செஞ்சியே, அதுல போறதுதான?"

அதில் தனியாகப் போக முடியாதும்மா என்று விளக்கினேன். இரண்டு பேர் எடைக்குப் போட்ட பலகை அது, ஒரு ஆள் ஏறினால் எடை போதாமல் தண்ணீருக்கு மேலேயே நிற்கும், காற்று தள்ளுகிற பக்கமெல்லாம் போகும், திசை நிற்காது என்றேன். போனில் முந்திரிக்கொட்டை உடைகிற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.